அரசாணை வந்தாச்சு, தண்ணி வந்துச்சா? ஃபயர்வால் விதிக்கோப்பு பற்றி

"ஏனுங்க தம்பி, ஃபயர்வால்தான் போட்டாச்சுன்னு சொன்னீங்களே, அப்புறம் எப்படிங்க அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துச்சு?"

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டது இது. பதிலைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் நாலு விஷயம் புரிய வேண்டியிருக்கிறது. ஃபயர்வால் என்றால் ஏதோ தாயத்து, கட்டிவிட்டால் எதுவும் அண்டாது என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். சர்வர் பார்த்துக்கொள்ளும் பையன்களைக் கேட்டால் "ரூல் எல்லாம் ஃபைல்ல எழுதியாச்சுங்ணா" என்பார்கள். எழுதினது சரி, ஏத்தினியா என்று கேட்டால் முழிப்பார்கள். நானும் முழித்தவன்தான். இந்த இரண்டாவது குழப்பம்தான் ராத்தூக்கத்தைக் கெடுப்பது, அதனால் கட்டுரையில் அதற்கே அதிக இடம்.

லினக்ஸ் சர்வரை வைத்துத்தான் பேசப்போகிறேன். விண்டோஸிலும் அடிப்படை இதேதான், பெயர்கள்தான் வேறு.

## சுவர் என்ற பெயரே கொஞ்சம் வழி தவற வைக்கிறது

பஞ்சு குடோன் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் தீப்பிடித்தால் அடுத்த பக்கம் தாவாமல் இருக்க நடுவில் கனமாக ஒரு சுவர் எழுப்புவார்கள். ஃபயர்வால் என்ற ஆங்கிலப் பெயர் முதலில் அந்த மாதிரிச் சுவருக்குத்தான் இருந்தது, நெட்வொர்க்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சுவர் எல்லாவற்றையும்தான் மறிக்கும். நம் ஃபயர்வால் அப்படி இல்லை, இதை விடு, அதை விடாதே என்று பார்த்துப் பார்த்து முடிவெடுக்கிறது. நம்ம ஊர்க்காரர்களுக்கு வாய்க்கால் மதகைச் சொன்னால் சட்டென்று விளங்கும்.

பவானிசாகரில் கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. வழி நெடுக மதகுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு முறை ஒற்றைப்படை மதகுகளுக்கு, இன்னொரு முறை இரட்டைப்படை மதகுகளுக்கு என்று அரசாணை போட்டுத் தண்ணீர் விடுவார்கள். மதகு எண், யாருக்கு, எப்போது, இவ்வளவுதான் அந்த ஆணையின் சாரம்.

சர்வரிலும் எண் போட்ட மதகுகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பெயர் போர்ட். 0 தொடங்கி 65535 வரை. வெப்சைட் 80, 443 ஆகிய எண்களில் இருக்கும். தூரத்தில் இருந்து சர்வருக்குள் நுழைந்து வேலை பார்க்க உதவும் எஸ்எஸ்எச் வழக்கமாக 22-இல். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 3306-இல். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது போல இங்கே ஓடுவது பாக்கெட். நாம் அனுப்பும் எதுவும் முழுசாகப் போவதில்லை, சின்னத் துண்டுகளாகப் போகிறது, அந்த ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட். அதன் மேல் எந்த முகவரியில் இருந்து வருகிறது, எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்குப் போகிறது என்பது எழுதியிருக்கும், கூரியர் கவர் மாதிரி.

அந்த மேல் எழுத்தைப் பார்த்து என்ன செய்வது என்று சொல்லும் ஒரு வரிதான் விதி. "இந்த முகவரியில் இருந்து இந்த போர்ட்டுக்கு வந்தால் இப்படிச் செய்." அந்த 'இப்படி' மூன்று விதம். அக்செப்ட் என்றால் உள்ளே விடுவது. ரிஜெக்ட் என்றால் 'முடியாது' என்று பதில் சொல்லித் திருப்பி அனுப்புவது. டிராப் என்றால் பதிலே சொல்லாமல் கீழே போட்டுவிடுவது, தட்டியவன் பதில் வரும் வரும் என்று காத்திருந்து சலித்துப் போவான். வெளி உலகத்துக்கு டிராப், ஆபீஸுக்குள் இருப்பவர்களுக்கு ரிஜெக்ட் என்று வைப்பது என் பழக்கம். நம் ஆட்களை எதற்குக் காக்க வைக்க வேண்டும்?

இதுவரை: போர்ட் என்றால் எண் போட்ட மதகு. பாக்கெட் என்றால் மேலே முகவரி எழுதிய துண்டு. விதி என்றால் அந்த முகவரியைப் பார்த்து முடிவு சொல்லும் ஒரு வரி. கவருக்குள் என்ன இருக்கிறது என்று இந்த விதிகள் பார்ப்பதில்லை. இதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

## மேலிருந்து கீழே

விதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்கு செயின் என்று பெயர். முக்கியமானவை மூன்று. சர்வருக்கே வரும் பாக்கெட்டுக்கு இன்புட், சர்வரில் இருந்து கிளம்பும் பாக்கெட்டுக்கு அவுட்புட், சர்வர் வழியாக வேறு யாருக்கோ போகும் பாக்கெட்டுக்கு ஃபார்வேர்ட்.

கம்பெனி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணன் கையில் ஒரு தாள் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வந்ததும் தாளை மேலிருந்து படிப்பார், பொருந்தும் முதல் வரியில் நின்றுவிடுவார், அதற்குக் கீழே உள்ளதைப் படிக்கவே மாட்டார். முதல் வரியில் "3306-க்கு யார் வந்தாலும் விடாதே" என்றும் இரண்டாவது வரியில் "ஆடிட்டர் ஆபீஸில் இருந்து 3306-க்கு வந்தால் விடு" என்றும் எழுதினால் ஆடிட்டர் மார்ச் மாசம் முழுக்க வெளியேதான் நிற்பார். இரண்டு வரியும் தனித்தனியாகச் சரிதான். வரிசைதான் தப்பு. விதி சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்று யாராவது புலம்பினால் நான் முதலில் கேட்பது, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதைத்தான்.

எந்த வரியும் பொருந்தாவிட்டால்? அதற்குப் பொதுத் தீர்ப்பு ஒன்று உண்டு, பாலிசி என்பார்கள். சர்வரில் இன்புட் பாலிசி டிராப் என்றுதான் இருக்க வேண்டும், அதாவது பெயர் சொல்லி அனுமதித்தவை தவிர மற்றதெல்லாம் வெளியே. எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டுக் கெட்டதை மட்டும் ஒவ்வொன்றாக அடைப்பது தலைகீழ் வேலை, 65 ஆயிரத்துச் சொச்சம் மதகில் எதை என்று அடைப்பீர்கள்?

இன்னொரு சங்கதி. காலையில் பெயர் எழுதி உள்ளே போன ஆள் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பினால் வாட்ச்மேன் மறுபடியும் தாளைப் புரட்டுவதில்லை. "நம்ம ஆளுதான், போங்க." லினக்ஸும் அப்படி ஒரு நினைவேடு வைத்திருக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் உரையாடலைச் சேர்ந்த பாக்கெட்டுக்கு எஸ்டாப்ளிஷ்ட் என்று முத்திரை. அதை ஒட்டிக் கிளைத்து வந்ததற்கு ரிலேட்டட். புதிதாகத் தட்டுவதற்கு நியூ. உள்ளிருந்து நாம் கேட்ட கேள்விக்கு வரும் பதில்கூட எஸ்டாப்ளிஷ்ட் கணக்கில்தான் சேரும். "எஸ்டாப்ளிஷ்ட் என்றால் விடு" என்ற வரி இல்லாத சர்வர் வெளியே எதைக் கேட்டாலும் பதில் வாசலிலேயே விழுந்துவிடும்.

## ஒரு கோப்பு எப்படி இருக்கும்

உண்மையில் இது ஆங்கிலக் கட்டளைச் சொற்களில் இருக்கும், நான் நம் மொழியில் எழுதிக் காட்டுகிறேன்:

பழைய விதிகள் எல்லாவற்றையும் துடை
செயின் இன்புட், பாலிசி டிராப்
லூப்பேக்கில் இருந்து வந்தால் விடு
எஸ்டாப்ளிஷ்ட், ரிலேட்டட் என்றால் விடு
ஐசிஎம்பி வகை என்றால் விடு
203.0.113.25-இல் இருந்து 22-க்கு வந்தால் விடு
80, 443-க்கு யார் வந்தாலும் விடு

203.0.113.25 என்பது எஸ்எஸ்எச்சில் நுழைய நாம் அனுமதிக்கும் இடத்தின் முகவரி, உதாரணத்துக்குப் போட்டது. லூப்பேக் என்பது சர்வர் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் உள்வழி, 127.0.0.1 என்ற முகவரி. அதை அடைத்தால் வெப்சைட்டும் டேட்டாபேஸும் ஒரே பெட்டிக்குள் இருந்துகொண்டே ஒன்றையொன்று தேடும். ஐசிஎம்பி என்பது நெட்வொர்க் தனக்குள் அனுப்பிக்கொள்ளும் தகவல் சீட்டு, பிங் அதில் ஒன்று. பிங்கை அடைத்தால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் உலவுகிறது, எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. ஐபிவி6-இல், அதாவது இணைய முகவரிகளின் புதிய முறையில், பக்கத்து மெஷின் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அந்தச் சீட்டை வைத்துத்தான், அதை மொத்தமாக அடைத்தால் ஐபிவி6 செத்துவிடும்.

ஐபிவி6 என்றதும் ஞாபகம் வருகிறது. விதிகளை ஏற்றும் பழைய கருவியான ஐபிடேபிள்ஸ் பழைய முகவரி முறையான ஐபிவி4-ஐ மட்டும்தான் பார்க்கும், ஐபிவி6-க்குத் தனிக் கட்டளை, தனிக் கோப்பு. முன்வாசலுக்குப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுவிட்டுப் புழக்கடையை மறந்த சர்வர்கள் இதனால்தான் நிறைய. அதற்குப் பிறகு வந்த புதிய கருவியான என்எஃப்டேபிள்ஸில் ஐநெட் என்று எழுதினால் ஒரே விதி இரண்டுக்கும் பொருந்தும்.

முகவரி எழுத வேண்டிய இடத்தில் டொமைன் பெயரை எழுதாதீர்கள். எழுத முடியும், வேலையும் செய்யும். ஆனால் அந்தப் பெயருக்கு என்ன முகவரி என்று கோப்பை ஏற்றும்போது ஒரே ஒரு முறைதான் கேட்கும், நாளைக்கு முகவரி மாறினால் விதி பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். சர்வர் பூட் ஆகிற நேரத்தில் பெயரைத் தேடித்தரும் டிஎன்எஸ் இன்னும் எழுந்திருக்காவிட்டால் அந்த ஒரு வரியால் மொத்தக் கோப்பும் ஏறாமல் போகும்.

## எழுதுவது வேறு, ஏற்றுவது வேறு

மறுபடியும் வாய்க்காலுக்கு வாருங்கள். அரசாணை கோட்டையில் கையெழுத்தாகிவிட்டது, பேப்பரிலும் வந்துவிட்டது. தண்ணீர் வந்ததா? மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் போய் ஷட்டரைத் தூக்கினால்தான் வரும். ஷட்டர் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் உண்மை, தாளில் என்ன எழுதியிருந்தாலும் வாய்க்காலுக்கு அது தெரியாது.

லினக்ஸில் லஸ்கர் வேலை பார்ப்பது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உள்மையம். அதற்குள் நெட்ஃபில்டர் என்ற பகுதிதான் ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்திப் பார்க்கிறது. அது பார்ப்பது மெமரியில் உள்ள விதிகளை மட்டும். வட்டில் நீங்கள் எழுதி வைத்த கோப்பை அது திறந்தே பார்க்காது. கோப்பைப் படித்து அந்த விதிகளைக் கெர்னலின் மெமரியில் கொண்டுபோய் வைப்பதைத்தான் ஏற்றுவது, லோட் பண்ணுவது என்கிறோம். 2001-இல் வந்த 2.4 கெர்னலில் இருந்து அதற்கு ஐபிடேபிள்ஸ் என்ற கருவி. 2014-இல் வந்த 3.13 கெர்னலில் என்எஃப்டேபிள்ஸ் சேர்ந்தது, அதன் கட்டளை என்எஃப்டி. இப்போது புதிதாகப் படிப்பவர்கள் என்எஃப்டேபிள்ஸையே படிக்கலாம், பழையதைப் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

கோப்பும் மெமரியும் தனித்தனி என்று புரிந்தால் பாதி மர்மம் தீர்ந்தது. கோப்பில் திருத்திவிட்டு ஏற்றாவிட்டால் ஒன்றும் மாறாது. கட்டளை அடித்து மெமரியில் மட்டும் மாற்றிவிட்டுக் கோப்பில் எழுதாவிட்டால் இப்போதைக்கு வேலை செய்யும், ஒரு நாள் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, சர்வர் மறுபடி எழும்போது அந்த மாற்றம் இருந்த சுவடே இருக்காது. ஆறு மாசம் முன்னால் திறந்த போர்ட் இன்றைக்கு ஏன் திடீரென்று மூடிக்கொண்டது என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். பூட் ஆகும்போது கோப்பை ஏற்றுவது தனியாக ஒரு சர்வீஸின் வேலை, டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அதை இயக்கி வைத்தால்தான் எட்சி என்ற ஃபோல்டரில் உள்ள என்எஃப்டேபிள்ஸ் கோப்பை எடுத்து ஏற்றும். ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பார்த்துவிடுவது உத்தமம். அதுவும் பகலில், ஆள் இருக்கும்போது.

மேலே காட்டிய கோப்பின் முதல் வரி, "எல்லாவற்றையும் துடை" என்பது, சும்மா அலங்காரத்துக்கு இல்லை. என்எஃப்டி கோப்பை ஏற்றினால் ஏற்கெனவே மெமரியில் இருப்பதோடு புதியதைச் சேர்க்கத்தான் செய்யும். அந்த வரி இல்லாமல் இரண்டு தடவை ஏற்றினால் ஒவ்வொரு விதியும் இரண்டு தடவை நிற்கும். அது பரவாயில்லை, வேடிக்கை என்னவென்றால் 3306-ஐத் திறந்துவிடும் வரியைக் கோப்பில் இருந்து அழித்துவிட்டு ஏற்றுவீர்கள், 3306 திறந்தே கிடக்கும், ஏனென்றால் பழைய வரி மெமரியில் பத்திரமாக இருக்கிறது. மெமரியில் இப்போது என்ன இருக்கிறது என்று என்எஃப்டியையே பட்டியல் போடச் சொல்லிப் பாருங்கள். கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு "எல்லாம் சரியாத்தான இருக்கு" என்று சொல்வது, அரசாணையைப் படித்துவிட்டு வயல் நனைந்துவிட்டது என்று சொல்வது போலத்தான்.

துடைப்பதைத் தனிக் கட்டளையாக அடித்துவிட்டு அப்புறம் கோப்பை ஏற்றலாமா? வேண்டாம். நடுவில் சர்வர் திறந்து கிடக்கும். கோப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்து ஏறாமல் போனால் நீங்கள் கவனிக்கும் வரைக்கும் திறந்தே கிடக்கும். துடைக்கும் வரி கோப்புக்குள்ளேயே இருந்தால் என்எஃப்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யும், ஒன்று முழுக் கோப்பும் ஏறும், இல்லாவிட்டால் எதுவும் ஏறாது, பழைய விதிகள் அப்படியே நிற்கும். விதிக்கு ஒரு கட்டளையாக அடுக்கி எழுதிய பழைய ஸ்கிரிப்ட்களில் இந்தக் காவல் இல்லை, பாதியில் தடுக்கினால் பாதி விதியோடு நிற்கும்.

சுருக்கமாக: கெர்னல் பார்ப்பது மெமரியை. கோப்பு அடுத்த பூட்டுக்கும் நமக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் வேலை.

## நான் வெளியே நின்ற ராத்திரி

சில வருஷம் முன்னால் ஒரு கம்பெனி சர்வருக்குப் பொள்ளாச்சியில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு விதிக்கோப்பு எழுதினேன். மேலே காட்டியதைப் போன்ற கோப்புதான். ஏற்றினேன். எஸ்எஸ்எச் அறுபடவில்லை, கட்டளைகள் ஓடின, வெப்சைட்டும் வந்தது. சரி, முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பேக்கப் பார்க்கலாம் என்று நுழைந்தால் பதிலே இல்லை. அந்த சர்வரில் எஸ்எஸ்எச்சை 22-இல் இருந்து 2222-க்கு மாற்றி வைத்திருந்தார்கள், நான் கைப்பழக்கத்தில் 22 என்று எழுதிவிட்டேன். அப்புறம் முந்தின ராத்திரி எப்படி வேலை செய்தது? நான் ஏற்கெனவே உள்ளே இருந்தேன். என் பாக்கெட்டுகளுக்கு எஸ்டாப்ளிஷ்ட் முத்திரை இருந்ததால் இரண்டாவது விதியிலேயே உள்ளே விட்டுவிட்டது, தப்பான அந்த எஸ்எஸ்எச் வரி வரைக்கும் அவை போகவே இல்லை. லேப்டாப்பை மூடியதோடு அந்த முத்திரையும் போயிற்று. பல்லடம் வழியாக பைக்கில் திருப்பூர் போய், சர்வருக்கு மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, இரண்டு எழுத்து சேர்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தூரத்து சர்வரில் நான் ஏற்றும் விதம் மாறிவிட்டது. முதலில் என்எஃப்டியிடம் கோப்பைச் சரிபார்க்க மட்டும் சொல்கிறேன், ஏற்றாமல் படித்துப் பார்த்துப் பிழை இருந்தால் சொல்லும். எழுத்துப் பிழையைத்தான் சொல்லும், 22-க்கும் 2222-க்கும் உள்ள வித்தியாசம் அதற்கு எப்படித் தெரியும்? அதனால் ஏற்றுவதற்கு முன், ஐந்து நிமிஷம் கழித்துப் பழைய விதிகளை மறுபடி ஏற்றும்படி ஒரு டைமர் வைத்துவிடுகிறேன், லினக்ஸில் அட் என்ற கட்டளையே போதும். பிறகு புதியதை ஏற்றி, பழைய எஸ்எஸ்எச் ஜன்னலை மூடாமல், புதிதாக இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்க்கிறேன். நுழைய முடிந்தால் டைமரை ரத்து செய்கிறேன். முடியாவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சர்வர் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். ஐபிடேபிள்ஸ் ஆட்களுக்கு இதே வேலையைச் செய்ய ஐபிடேபிள்ஸ் அப்ளை என்றே ஒரு கருவி இருக்கிறது, ஏற்றிவிட்டு "புதிதாக உள்ளே நுழைய முடிகிறதா" என்று கேட்கும், பதில் வராவிட்டால் தானே பழையதைப் போட்டுவிடும்.

டைமருக்காகப் பழைய விதிகளை என்எஃப்டி பட்டியலில் இருந்து எடுத்து ஒரு கோப்பில் சேமிப்பீர்கள் அல்லவா, அந்தப் பட்டியலில் துடைக்கும் வரி இருக்காது. நீங்கள்தான் முதல் வரியாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் காப்பாற்ற வந்த பழைய விதிகள் தப்பான புதிய விதிகளோடு கலந்து உட்கார்ந்துகொள்ளும்.

## யுஎஃப்டபிள்யூ, டாக்கர்

லினக்ஸ் வகைகளில் உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ, ரெட்ஹாட் குடும்பத்தில் ஃபயர்வால்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இவை தனி ஃபயர்வால்கள் இல்லை, அதே கெர்னலுக்கு நமக்குப் பதிலாக விதி எழுதித் தரும் குமாஸ்தாக்கள். நல்ல குமாஸ்தாக்கள்தான், ஆனால் ஒருவரை மட்டும் வையுங்கள். இரண்டு பேர் ஒரே பேரேட்டில் எழுதினால் கணக்கு என்ன ஆகும் என்று தெரியும்.

ப்ரோக்ராம்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் ஓட்டும் மென்பொருள் டாக்கர். அது ஓடும் சர்வர் என்றால் கூடுதல் கவனம். டாக்கரும் தன் பங்குக்கு விதி எழுதும். அது திறந்துவிடும் போர்ட்டுக்கு வரும் பாக்கெட் கண்டெய்னருக்குப் போவதால் ஃபார்வேர்ட் செயின் வழியாகப் போய்விடும், நீங்கள் இன்புட்டில் போட்ட தடை அதன் கண்ணிலேயே படாது. "யுஎஃப்டபிள்யூவில் அடைத்தேனே, வெளியில் இருந்து எப்படித் தெரிகிறது" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. "எல்லாவற்றையும் துடை" என்றால் டாக்கர் எழுதினதும் சேர்ந்து துடைபடும் என்பதால் அங்கே உங்கள் சொந்த டேபிளை மட்டும் துடைக்கும்படி கோப்பை எழுதுங்கள். டேபிள் என்றால் செயின்களைப் போட்டு வைக்கும் பெட்டி.

## அண்ணனுக்கு நான் சொன்னது

அந்தக் கம்பெனியில் ஆபீஸ் நெட் முழுக்க ஒரு லினக்ஸ் பெட்டி வழியாகத்தான் போய்வரும். ஃபார்வேர்ட் செயின் நல்லபடியாகவே இருந்தது, வெளியில் இருந்து புதிதாக யாரும் உள்ளே தட்ட முடியாது. அக்கவுண்ட்ஸில் ஒரு பிள்ளை, பையர் அனுப்பின இன்வாய்ஸ் என்று நினைத்து மெயிலில் வந்த ஒரு அட்டாச்மெண்டைத் திறந்திருக்கிறது. மெயிலைக் கேட்டது உள்ளே இருந்த கம்ப்யூட்டர், 443-ஆம் போர்ட்டில். அதற்கு வந்த பதிலில்தான் வைரஸ் உட்கார்ந்திருந்தது. கவரின் மேல் முகவரி சரி, முத்திரை எஸ்டாப்ளிஷ்ட், தீர்ப்பு அக்செப்ட். உள்ளே இருந்தது பூட்டு போட்ட மறைமொழியில் இருந்தது, அதைப் பிரித்துப் பார்ப்பது இந்த விதிகளின் வேலையே இல்லை.

"அப்போ அது சரியாத்தான் வேலை செஞ்சிருக்குங்கறீங்க?"

"ஆமாங்ணா. எழுதினபடி ஏத்துனேன், ஏத்துனபடி விட்டுருச்சு."

அண்ணன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் ஆன்டிவைரஸ் லைசென்ஸ் எத்தனை சிஸ்டத்துக்கு வேணும் என்று கேட்டார்.